கப்பல் தலைவர் கிட்

நிலத்தில் நாட்டுக்கு எல்லை உண்டு. எல்லைக்குக் காவல் உண்டு. பரந்த கடலிலோ எல்லைக்கல் நாட்டுவார் இல்லை. அங்குச் செல்லும் வணிகக் கப்பலுக்குக் காற்றும் அலையும் தரும் இடுக்கணோடு, மனிதர் தரும் இடுக்கணும் பண்டுதொட்டே இருந்து வந்தது. பிறர் பொருளைக் கவரக் கடலில் திரிந்தோரைக் கடற்கொள்ளைக்காரர் என்று உலகம் இகழ்ந்தது. ஆனால், அதே செயலை அரசனது ஆணையோடு செய்தவரும் ஒரு காலத்தில் இருந்தனர். அவரை நாடு போற்றியது, மக்கள் புகழ்ந்தனர். இவ்விரு சாராரையும் வேறு பிரித்தது ஒரு தாள். அரசு முத்திரை பொறித்த ஒரு தாள். அத்தகைய தாளை நம்பிக் கடலேறியவர் வில்லியம் கிட் என்னும் மாலுமி. அவர் அத்தாள் வகுத்த எல்லையைக் கடந்தார். பின்பு தம்மைக் காக்கக்கூடிய வேறு இரண்டு தாள்கள் உரிய காலத்தில் கைக்கு எட்டாமையால் உயிர் இழந்தார்.

தனியார் போர்க்கப்பல்கள்

ஐரோப்பிய நாட்டு மன்னர்களிடம் 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் போதிய கடற்படை இல்லை. போர் மூண்டபோது, பகைவருடைய வணிகத்தைக் குலைப்பதற்குத் தனி மனிதர்களின் துணையை அவர்கள் நாடினார்கள். செல்வர் சிலர் ஒன்றுகூடிப் பொருள் சேர்த்துக் கப்பல் ஒன்றை அமைப்பர், பீரங்கிகளை ஏற்றுவர், மாலுமிகளைத் திரட்டுவர். அக்கப்பலின் தலைவனுக்கு அரசன் ஓர் அதிகாரப் பத்திரம் அளிப்பான். இன்ன நாட்டுக் கப்பல்களைப் பிடிக்கலாம் என்று அப்பத்திரம் வரையறுத்துக் கூறும்.

பிடித்த கப்பலைத் தலைவன் தன் விருப்பம்போல் பங்கிட்டுக்கொள்ள இயலாது. அதனைத் துறைமுகத்துக்குக் கொண்டுவந்து, கடல்வழக்கு மன்றத்தின்முன் நிறுத்துதல் வேண்டும். அது பகைவருடையதுதானா என்பதை மன்றம் ஆராயும். கப்பலில் இருந்த தாள்களே அதற்குச் சான்று. பகைவருடையது என்று தீர்ப்பாயின், அரசனும் கப்பலை அமைத்தவரும் மாலுமிகளும் முன்னரே பேசிய வண்ணம் பங்கு பெறுவர். நட்பு நாட்டுக் கப்பலைத் தீண்டினாலோ, அத்தலைவன் கடற்கொள்ளைக்காரன் ஆவான். அவனுக்குரிய தண்டனை தூக்கு.

இம்முறையில் ஒரு பெருந்தீங்கு மறைந்திருந்தது. மாலுமிகளுக்கு மாதச் சம்பளம் இல்லை. கப்பல் அகப்பட்டால் பங்கு, அகப்படாவிட்டால் வெறுங்கை. பல மாதம் கடலில் அலைந்து, பசியும் பிணியும் வாட்ட, எதிரே நட்பு நாட்டுக் கப்பல் ஒன்று நிறைந்த சரக்கோடு வரும்போது, சட்டத்தின் வரம்பில் நிற்றல் எளிதன்று. கிட்டின் வாழ்வு கெட்டது இந்த இடத்தில்தான்.

கிட்டின் உயர்வு

வில்லியம் கிட் ஸ்காத்லாந்து நாட்டின் டண்டீ நகரில் ஏறத்தாழ 1655-ஆம் ஆண்டில் பிறந்தார். அவருடைய இளமையைப் பற்றிய செய்திகள் மிகச் சிலவே. 1689-ஆம் ஆண்டில் அவரை மேற்கிந்தியத் தீவுகளில் காண்கிறோம். அப்பொழுது இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் போர் தொடங்கியிருந்தது. கிட், தோழர்களோடு சேர்ந்து கைப்பற்றிய கப்பல் ஒன்றுக்குத் தலைவராகி, ஆங்கிலேயர் பக்கம் நின்று பிரெஞ்சுக்காரரோடு பொருதார். போரில் அவர் காட்டிய துணிவை மேலதிகாரிகள் பாராட்டினார்கள்.

ஆனால், அவருடைய மாலுமிகளுட் பலர் முன்பு கொள்ளையடித்துப் பழகியவர்கள். அரசுக்காகப் போர் புரிவதினும், எளிய இரையைத் தேடுவதே அவர்கட்கு உவப்பாயிற்று. 1690-ஆம் ஆண்டில் கிட் கரையில் இருந்த சமயம் பார்த்து, அவர்கள் அவருடைய கப்பலையும் பொருளையும் கவர்ந்துகொண்டு ஓடிவிட்டனர். அவ்வாறு ஓடியவருள் ராபர்ட் கல்லிபோர்டு என்பவன் ஒருவன். அவனைக் கிட் மீண்டும் காணும் நாள் ஒன்று வந்தது. அதனைப் பின்னர்க் காண்போம்.

கப்பலை இழந்த கிட்டுக்கு அத்தீவுகளின் ஆளுநர் வேறொரு கப்பல் அளித்தார். அதனோடு 1691-ஆம் ஆண்டில் அவர் நியூயார்க்குக்குச் சென்றார். அங்கு அரசுக்கு எதிராக எழுந்த கலகத்தை அடக்குதற்குத் துணைபுரிந்து, ஆட்சி மன்றத்திடம் 150 பவுண்டு பரிசும் பெற்றார். அவ்வாண்டிலேயே சாரா என்னும் கைம்பெண்ணை மணந்தார். அவர்கட்குப் பெண்மக்கள் இருவர் பிறந்தனர். நல்ல வீடு, நிறைந்த செல்வம், ஊராரின் மதிப்பு ஆகிய யாவும் கிட்டுக்கு வாய்த்தன. நியூயார்க்கில் திரித்துவத் திருக்கோயில் கட்டப்பட்டபோது, கற்களைத் தூக்குதற்குத் தம் கப்பலின் கயிறும் கப்பியும் அவர் உதவினார். அந்நிலையில் அவர் அமைந்திருப்பாரானால், உலகம் அவர் பெயரை அறிந்திராது; அவரும் இனிது வாழ்ந்து முடிந்திருப்பார். ஆயினும், அரச கடற்படையில் தலைவர் பதவி பெறவேண்டும் என்னும் ஆசை அவர் உள்ளத்தில் கனன்றுகொண்டிருந்தது. அவ்வாசை 1695-ஆம் ஆண்டில் அவரை இலண்டனுக்கு ஈர்த்தது.

இரண்டு பத்திரங்கள்

அக்காலத்தில் இந்தியக் கடலில் கடற்கொள்ளை பெருகியிருந்தது. அமெரிக்கக் குடியேற்றங்களிலிருந்து புறப்பட்ட கொள்ளையர் மடகாஸ்கர் தீவில் தங்கி, செங்கடலுக்குச் செல்லும் மொகலாயப் பேரரசின் கப்பல்களைச் சூறையாடினர். 1695-ஆம் ஆண்டில் ஹென்றி எவரி என்னும் ஆங்கிலக் கொள்ளைக்காரன், மெக்காவுக்குச் சென்று திரும்பிய பயணிகளும் பெருஞ்செல்வமும் நிறைந்த கஞ்ச்-இ-சவாய் என்னும் கப்பலைக் கைப்பற்றிக் கொடுமை இழைத்தான். பேரரசர் ஔரங்கசீப் வெகுண்டார். சூரத்தில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனியார் சிறையிலிடப்பட்டனர். ஆங்கிலேயரின் இந்திய வாணிகமே ஆட்டங்கண்டது.

கொள்ளையரை அடக்கவேண்டும்; ஆனால், பிரான்சோடு நடந்த போரில் அரச கப்பல்கள் ஈடுபட்டிருந்தன. இந்நிலையில், நியூயார்க்குச் செல்வர் ராபர்ட் லிவிங்ஸ்டன் என்பவரும், அமெரிக்கக் குடியேற்றங்களுக்குப் பின்னர் ஆளுநரான பெல்லமாண்ட் பிரபுவும் ஒரு திட்டம் வகுத்தனர். தனியார் பொருளால் ஒரு கப்பலை அமைத்து, கிட்டின் தலைமையில் கொள்ளையர்மேல் அனுப்புவது அத்திட்டம். கொள்ளையர் கவர்ந்த பொருளைக் கைப்பற்றினால் நாட்டுக்கும் நன்மை, முதல் போட்டவர்க்கும் ஆதாயம் என அவர்கள் கருதினர். சாமர்சு, ஆர்போர்டு, ராம்னி, சுரூசுபரி என்னும் பெரும்பதவி வகித்த பிரபுக்கள் நால்வர் இதில் பணம் போட்டனர். ஆயினும், அவர்கள் தம் பெயர் வெளியே தெரியாதவாறு வேறு சிலர் பெயரை எழுதுவித்தனர். மன்னர் மூன்றாம் வில்லியமும் பத்தில் ஒரு பங்கு பெறுதற்கு இசைந்தார்.

கிட்டுக்கு இரண்டு பத்திரங்கள் கிடைத்தன. ஒன்று, 1695 டிசம்பரில் அளிக்கப்பட்டது. பிரெஞ்சுக் கப்பல்களைப் பிடிக்கும் அதிகாரம் தருவது. மற்றொன்று, 1696 ஜனவரியில் அரசின் பெருமுத்திரை பொறித்து அளிக்கப்பட்டது. கடற்கொள்ளையரைப் பிடிக்கும் அதிகாரம் தருவது. மன்னருடைய நண்பர்களுக்கும் அவரோடு உறவு பூண்ட நாட்டினர்க்கும் எவ்விதத் தீங்கும் செய்யலாகாது என்பதும் அதில் தெளிவாக எழுதப்பட்டிருந்தது.

பெருமையோடு பெருஞ்சுமையும் வந்து சேர்ந்தது. 1697-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 25-ஆம் நாளுக்குள் பொருள் ஈட்டித் திரும்பாவிடில், பிரபுக்கள் போட்ட முதலைக் கிட்டும் லிவிங்ஸ்டனும் திருப்பித் தரவேண்டும் என்பது உடன்படிக்கை. அதற்குப் பிணையாகக் கிட் 20,000 பவுண்டுக்குச் சீட்டெழுதிக் கொடுத்தார். வெற்றி கிடைத்தால் பெரும்பங்கு பிரபுக்களுக்கு. தோல்வி நேர்ந்தால் இழப்பு மாலுமிக்கு. உலகியலில் எளியோர் செய்யும் ஒப்பந்தங்கள் பல இத்தகையனவே.

வறுமையும் வழுவும்

அட்வெஞ்சர் என்னும் அப்புதிய கப்பல் 34 பீரங்கிகளும், காற்று இல்லாதபோது தள்ளிச்செல்ல 46 துடுப்புகளும் உடையது. கிட் தேர்ந்தெடுத்த நல்ல மாலுமிகள் பலரை, தேம்சு ஆற்றின் முகத்துவாரத்திலேயே அரச கடற்படையினர் தம் கப்பல்களுக்கு வலிந்து கொண்டுபோயினர். குறைந்த ஆட்களோடு கிட் நியூயார்க்கை அடைந்தார். வழியில் ஒரு சிறு பிரெஞ்சுக் கப்பலை முறைப்படி பிடித்தார். நியூயார்க்கில் ஆள் திரட்டியபோது, பிரபுக்கள் ஒதுக்கிய சிறு பங்குக்கு எவரும் உடன்படவில்லை. தமக்கே பெரும்பங்கு வேண்டும் என்று கேட்டவரையே அவர் சேர்த்துக்கொள்ள நேர்ந்தது. 1696 செப்டம்பரில் ஏறக்குறைய 150 பேரோடு அவர் புறப்பட்டபோது, அக்கூட்டத்தில் பலருடைய எண்ணம் கொள்ளையரைப் பிடிப்பதன்று. கொள்ளையாகிய பொருளைப் பெறுவதே.

1697-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் கப்பல் மடகாஸ்கரை அடைந்தது. கொள்ளையர் ஒருவரும் அகப்படவில்லை. கொமோரோத் தீவுகளில் தங்கிக் கப்பலைச் செப்பனிட்டபோது, கொடிய நோய் பரவி, குறுகிய காலத்தில் மாலுமிகள் பலர் மாண்டனர். கப்பலிலும் நீர் கசியத் தொடங்கிற்று. உணவு குறைந்தது. மார்ச்சு 25-ஆம் நாளும் வந்து சென்றது. கையில் ஒரு காசும் இல்லை.

இந்நிலையில் கிட் செங்கடல் வாயிலுக்குச் சென்று காத்திருந்தார். ஆகஸ்டு மாதத்தில், மோக்கா துறைமுகத்திலிருந்து இந்தியாவுக்குத் திரும்பும் வணிகக் கப்பல்களின் கூட்டம் அவ்வழியே வந்தது. கொள்ளையரைப் பிடிக்க வந்தவர், கொள்ளையர் செய்வதுபோலவே அக்கூட்டத்தை அணுகினார். உடன் காவலாக வந்த கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பலான செப்டர் பீரங்கி முழக்கவே, அவர் பின்வாங்கினார். செயல் நிறைவேறவில்லை, ஆனால், எண்ணம் வெளிப்பட்டுவிட்டது. அறநெறியினின்று வழுவுபவர் முதலடியை எடுத்துவைப்பதே அரிது. அதனை எடுத்துவைத்தபின் அடுத்த அடிகள் தாமே வரும்.

மலையாளக் கரைக்கு வந்த கிட்டின் ஆட்கள், ஆங்கிலத் தலைவன் ஒருவன் செலுத்திய சிறு கப்பலை நிறுத்தினர். அதிலிருந்த பணத்தின் இடத்தை அறிய மாலுமிகளை அடித்துத் துன்புறுத்தினர். கார்வார் துறையில் கிட்டின் ஆட்கள் சிலர் அவரை விட்டு ஓடி, கம்பெனியாரிடம் செய்தி கூறினர். அன்று முதல் கிட் கொள்ளைக்காரர் என்னும் பேச்சு கரை முழுதும் பரவிற்று. கரைக்கு அப்பாலுள்ள தீவுகளில் விறகும் நீரும் எடுக்கச் சென்றபோது, கிட்டின் ஆள் ஒருவனைத் தீவினர் கொன்றனர். அதற்குப் பழியாக அங்கு வீடுகள் எரிக்கப்பட்டன.

எனினும், கிட் முற்றும் துணிந்துவிடவில்லை. கடலில் எதிர்ப்பட்ட லாயல் கேப்டன் என்னும் ஆங்கிலக் கப்பலைக் கைப்பற்றவேண்டும் என்று மாலுமிகள் கொதித்தபோது, அவர் உறுதியாக மறுத்தார். தமக்கு அந்த அதிகாரம் இல்லை என்பதே அவர் கூறிய விடை. மாலுமிகளின் மனக்கசப்பு நாளுக்கு நாள் முற்றியது. 1697 அக்டோபர் 30-ஆம் நாள், வில்லியம் மூர் என்னும் பீரங்கி வீரனுக்கும் அவருக்கும் கப்பல் தட்டில் சொற்போர் மூண்டது. தங்களையெல்லாம் கெடுத்தவர் கிட்டே என்று மூர் பழித்தான். சினம் தலைக்கேறிய கிட், இரும்புப் பட்டை போட்ட வாளி ஒன்றை எடுத்து அவன் தலையில் ஓங்கி அடித்தார். மறுநாள் மூர் இறந்தான். கொள்ளைக்கு இணங்க மறுத்த மனவுறுதியும், நொடிப்பொழுதில் கொலைக்கு இழுத்த சினமும் ஒரே மனிதரிடம் இருந்தன. ஒரு நொடியின் சினம் பின்னாளில் அவர் கழுத்துக்குக் கயிறாயிற்று.

கடாரத்தின் பெயர் தாங்கிய கப்பல்

1697 நவம்பரில் கிட் ஒரு சிறு கப்பலைப் பிடித்தார். அதில் பிரெஞ்சு நாட்டார் அளித்த பயணச்சீட்டு இருந்தது. 1698 ஜனவரி 30-ஆம் நாள், கொச்சிக்கு அப்பால் நடுக்கடலில் பெரிய கப்பல் ஒன்று எதிர்ப்பட்டது. குவெடா மெர்ச்சண்ட் என்பது அதன் பெயர். குவெடா என்பது மலாய் நாட்டுக் கெடாவின் பெயர் என்பர். அக்கெடாவே பண்டைத் தமிழர் கடாரம் என்று வழங்கிய இடம் என்று அறிஞர் கருதுவர். வங்காளத்திலிருந்து சூரத்துக்குச் சென்றுகொண்டிருந்த அக்கப்பலில் பட்டும் மெல்லிய துணிகளும் சருக்கரையும் இரும்பும் வெடியுப்பும் நிறைந்திருந்தன. சரக்குக்கு உரியவர் ஆர்மீனிய வணிகர். மொகலாய அரசவையைச் சார்ந்த பிரபு ஒருவரும் அதில் பங்குடையவர். கப்பலை நடத்திய தலைவன் ஓர் ஆங்கிலேயன்.

அக்காலத்தில் இந்தியக் கடலில் செல்லும் வணிகக் கப்பல்கள் பல நாட்டாரின் பயணச்சீட்டுகளை உடன் வைத்திருக்கும். ஆங்கிலேயர் வந்தால் ஆங்கிலச் சீட்டையும், பிரெஞ்சுக்காரர் வந்தால் பிரெஞ்சுச் சீட்டையும் காட்டுவது வழக்கம். கிட் இதனை அறிந்து, தம் கப்பலில் பிரெஞ்சுக் கொடியை ஏற்றிச் சென்றார். எதிர்க் கப்பலினர் ஏமாந்து பிரெஞ்சுச் சீட்டைக் காட்டினர். உடனே கிட், மன்னர் பெயரால் கப்பலைக் கைப்பற்றினார். பிரெஞ்சுச் சீட்டு உடைய கப்பல் பகைவர் கப்பல். ஆதலால், தம் செயல் பத்திரத்துக்கு உட்பட்டதே என்பது அவர் கொள்கை. அதன் தலைவன் ஆங்கிலேயன் என்று பின்னர் அறிந்தபோது, கப்பலைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று மாலுமிகளிடம் கூறியதாகவும், அவர்கள் இசையவில்லை என்றும் அவர் சொல்லிவந்தார். இங்கிலாந்தும் பிரான்சும் 1697 செப்டம்பரிலேயே உடன்படிக்கை செய்துகொண்டன. அச்செய்தி கீழ்க்கடலை எட்டப் பல மாதங்கள் வேண்டியிருந்தன.

சட்டப்படி அக்கப்பலைக் கடல்வழக்கு மன்றத்துக்குக் கொண்டுபோயிருக்க வேண்டும். கிட் அவ்வாறு செய்யவில்லை. சரக்கின் ஒரு பகுதியை மலையாளக் கரையிலேயே விற்றார். இருந்தாலும், இரண்டு கப்பல்களிலும் கிடைத்த பிரெஞ்சுச் சீட்டுகளை மட்டும் உயிரினும் மேலாகப் போற்றி வைத்தார்.

செய்தி சூரத்தை எட்டியது. கம்பெனியாரின் பண்டகசாலையைச் சுற்றி மொகலாயக் காவலர் நின்றனர். இழப்பை ஈடுசெய்யவேண்டும் என்ற ஆணை பிறந்தது. கம்பெனியார் இலண்டனுக்கு முறையிட்டனர். 1698-ஆம் ஆண்டு முடிவில் கிட்டைப் பிடிக்குமாறு எல்லாக் குடியேற்றங்களுக்கும் ஆணை பறந்தது. மற்றக் கொள்ளையர்க்குப் பொது மன்னிப்பு அளித்த அரசாங்கம், எவரி, கிட் ஆகிய இருவருக்கு மட்டும் மன்னிப்பு இல்லை என்று அறிவித்தது.

கைவிடப்பட்ட தலைவர்

இவை ஒன்றும் அறியாத கிட், 1698 ஏப்ரலில் மடகாஸ்கரை அடுத்த செயின்ட் மேரி தீவை அடைந்தார். அங்கே துறையில் ஒரு கொள்ளைக் கப்பல் நின்றது. அதன் தலைவன், முன்பு அவர் கப்பலைக் கவர்ந்து ஓடிய கல்லிபோர்டு! பிடிக்க வேண்டியவன் கண்ணெதிரே இருந்தான். கிட் தாக்க முயன்றும் மாலுமிகள் மறுத்து, பகைவனோடு சேர்ந்துகொண்டனர் என்பது அவர் கூற்று. அவர் கல்லிபோர்டோடு நட்புக் கொண்டாடினார் என்பது பின்னாளில் சாட்சிகள் கூறியது. உண்மை எதுவாயினும், ஏறத்தாழ நூறு மாலுமிகள் அவரைக் கைவிட்டுக் கொள்ளையனோடு சேர்ந்தனர். அட்வெஞ்சர் கப்பல் அழுகி மூழ்கும் நிலையை அடைந்தது. கிட் அதனை விட்டு, குவெடா கப்பலில் மீதமிருந்த சிலரோடு மேற்கு நோக்கிப் புறப்பட்டார்.

1699 ஏப்ரலில் மேற்கிந்தியத் தீவுகளை அடைந்தபோதுதான், தாம் கொள்ளைக்காரர் என்று முரசறையப்பட்ட செய்தி அவர் காதில் விழுந்தது. ஓடி ஒளிவதற்கு இடங்கள் இருந்தன. கிட் ஒளியவில்லை. குவெடா கப்பலை இசுபானியோலாத் தீவின் கரையில் நிறுத்திவிட்டு, சிறு கப்பலொன்றில் நியூயார்க்குப் பக்கம் வந்தார். ஒரு பகுதிப் பொருளை வழியில் கார்டினர் தீவில் புதைத்துவைத்தார். தம்மிடமிருந்த பிரெஞ்சுச் சீட்டுகள் இரண்டையும் வழக்கறிஞர் ஒருவர் வாயிலாகப் பெல்லமாண்டுக்கு அனுப்பினார். தம்மை அனுப்பியவர் தம்மைக் காப்பார் என்பது அவர் நம்பிக்கை. கூறியது மெய்யானால் மன்னிப்புப் பெற்றுத் தருவதாகப் பெல்லமாண்ட் விடை எழுதினார். அதனை நம்பிப் பாஸ்டன் நகருக்குச் சென்ற கிட், 1699 ஜூலை 6-ஆம் நாள் சிறைப்பட்டார். பெல்லமாண்ட் தம்மீது பழி வாராமல் காத்துக்கொண்டார். கார்டினர் தீவில் புதைத்த பொருள் தோண்டி எடுக்கப்பட்டு, இலண்டனுக்கு அனுப்பப்பட்டது.

வழக்கும் முடிவும்

1700-ஆம் ஆண்டில் கிட் இலண்டனுக்குக் கொண்டுவரப்பட்டு, சிறையில் ஓராண்டுக்கு மேல் வாடினார். அதற்குள் அவர் பெயர் கட்சிச் சண்டையில் ஒரு கருவியாகிவிட்டது. அவருக்குப் பணம் போட்ட பிரபுக்கள் விக் கட்சியினர். அவர்களை வீழ்த்த டோரிக் கட்சியினர் முனைந்திருந்தனர். 1701 மார்ச்சில் கிட் பாராளுமன்றத்தின்முன் நிறுத்தப்பட்டார். பிரபுக்கள்மேல் குற்றம் சுமத்தியிருந்தால், எதிர்க்கட்சியினரின் துணை அவருக்குக் கிடைத்திருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. தாம் குற்றமற்றவர் என்று மட்டும் வற்புறுத்தினார். ஆதலால், ஒரு கட்சிக்கு அவர் பயன்படவில்லை. மற்றக் கட்சிக்கு அவர் வேண்டப்படவில்லை.

1701 மே 8, 9-ஆம் நாட்களில் ஓல்டு பெய்லி மன்றத்தில் வழக்கு நடைபெற்றது. மூரைக் கொன்ற குற்றம் முதலில் விசாரிக்கப்பட்டது. பின்பு கடற்கொள்ளைக் குற்றங்கள் விசாரிக்கப்பட்டன. அக்காலச் சட்டப்படி, இத்தகைய வழக்குகளில் நடந்த செய்திகளைக் குறித்து வாதாட வழக்கறிஞர்க்கு உரிமை இல்லை. கிட் தாமே சாட்சிகளை வினவினார். அரசு தரப்புச் சாட்சிகளுள் தலையாயவர் இருவர், செயின்ட் மேரி தீவில் அவரைக் கைவிட்டுப் போன மாலுமிகள். சாட்சி சொல்லித் தம் உயிரைக் காத்துக்கொண்டவர்கள்.

கிட்டின் நம்பிக்கை முழுதும் அந்தப் பிரெஞ்சுச் சீட்டுகளிலேயே இருந்தது. அவற்றைக் கொண்டுவருமாறு அவர் மீண்டும் மீண்டும் வேண்டினார். பெல்லமாண்ட் அவற்றை இலண்டனுக்கு அனுப்பியிருந்தார். பாராளுமன்றத்தாரும் அவற்றைக் கண்டிருந்தனர். ஆயினும், வழக்கு நாளில் அவை கிடைக்கவில்லை. அவற்றைப் பற்றிச் சொல்லக்கூடிய பெல்லமாண்டும் அவ்வாண்டு மார்ச்சு மாதமே அமெரிக்காவில் இறந்துவிட்டார். கிட் குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று. பெரும்புதையல் ஒன்றைக் காட்டுவதாக இறுதியில் அவர் எழுதிய மடலையும் எவரும் பொருட்படுத்தவில்லை.

1701 மே 23-ஆம் நாள் தேம்சு ஆற்றங்கரையில் கிட் தூக்கிலிடப்பட்டார். முதன்முறை கயிறு அறுந்தது, மீண்டும் தூக்கிலேற்றினர். வரும் கப்பல்களுக்கு எச்சரிக்கையாக, இரும்புச் சட்டத்துள் பூட்டிய அவர் உடல் ஆற்று முகத்துவாரத்தில் நெடுங்காலம் தொங்கவிடப்பட்டது. அவரிடமிருந்து கைப்பற்றிய பொருளால் கிடைத்த தொகை ஏறத்தாழ 6,470 பவுண்டு. அது கிரீனிச்சில் முதிய மாலுமிகளுக்காக அமைந்த இல்லத்துக்கு அளிக்கப்பட்டது. அவர் எங்கோ பெரும்புதையலை மறைத்துவைத்தார் என்னும் கதையோ வளர்ந்துகொண்டே சென்றது. தலைமுறை தலைமுறையாக மக்கள் அதனைத் தேடி மண்ணை அகழ்ந்தனர்.

காலம் கடந்து கிடைத்தவை

புதையல் கிடைக்கவில்லை, ஆனால், வேறொன்று கிடைத்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இலண்டன் அரசாங்க ஆவணக் காப்பகத்தில் ஆராய்ச்சியாளர் ஒருவர் பழைய தாள்களைத் தேடியபோது, அப்பிரெஞ்சுச் சீட்டுகள் வெளிப்பட்டன. கிட் பொய் கூறவில்லை. அவர் கேட்ட தாள்கள் இருக்கவே இருந்தன. 2007-ஆம் ஆண்டில், டொமினிக்கன் குடியரசைச் சேர்ந்த கத்தலீனா தீவின் அருகே, ஆழமில்லாத நீரில், குவெடா கப்பலின் எச்சங்களும் கண்டெடுக்கப்பட்டன.

அச்சீட்டுகள் கிடைத்திருந்தால் கிட் பிழைத்திருப்பாரா? கொள்ளைக் குற்றங்கள் சிலவற்றினின்று அவர் விடுபட்டிருக்கலாம். ஆனால், மூரின் உயிரை அச்சீட்டுகள் மீட்டுத் தரமாட்டா. அடிபட்ட எளிய மாலுமிகளின் துன்பத்தையும், தீவினரின் எரிந்த வீடுகளையும் எந்த முத்திரையும் மறைத்துவிடாது. ஆதலால், கிட் முற்றும் குற்றமற்றவர் அல்லர். அவருக்கு முறையான நீதி கிடைத்தது என்றும் கூறுதற்கில்லை. ஆதாயத்தில் பங்கு கேட்ட பெரியோர், பழியில் பங்கு கொள்ள முன்வரவில்லை. அவர்களுள் இருவர்மேல் அவ்வாண்டு குற்றச்சாட்டு எழுந்தும், அவர்கள் விடுதலை பெற்றனர். தூக்குமரம் மாலுமிக்கே உரியதாயிற்று.

போருக்கும் கொள்ளைக்கும் இடையே ஒரு தாளை மட்டும் வேலியாக வைத்தால், அவ்வேலி பசியின் முன்னும் ஆசையின் முன்னும் நில்லாது என்பதை உலகம் மெல்ல உணர்ந்தது. 1856-ஆம் ஆண்டில், இங்கிலாந்து, பிரான்சு முதலிய நாடுகள் பாரிசு நகரில் கூடி, தனியார் போர்க்கப்பல் முறையை ஒழிப்பதாக அறிவித்தன. நாளடைவில் மற்ற நாடுகளும் அம்முறையைக் கைவிட்டன.

அதிகாரம் பெற்றவன் தன் அதிகாரத்தின் எல்லையை மறத்தலாகாது. அதிகாரம் அளித்தவர், தாம் ஏவியவனை இடர் வந்தபோது கைவிடுதலும் ஆகாது. இவ்விரண்டில் ஒன்று தவறினும் அறம் குன்றும். இரண்டும் ஒருங்கே தவறியமையால் நேர்ந்த கேட்டைக் கப்பல் தலைவர் கிட்டின் வாழ்வு நமக்குக் காட்டுகிறது.